வருமான–செலவுக் கணக்கில் 3.60 லட்சம் உபரி, வங்கியிலோ 1.05 லட்சம் குறைவு: எங்கே தேடுவது?

மாவட்டப் பொருளாளர்:

வணக்கம். எங்களுடையது மாவட்ட அளவிலான கட்டடப் பொறியாளர் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானது. ஆண்டுச் சந்தா கட்டுவோர் 300 பேர், ஆயுள் உறுப்பினர்கள் 112 பேர். மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கு எழுத்தர் தயாரித்த கணக்கு இது. ஆடிட்டர் இன்னும் கையெழுத்திடவில்லை.

வருமானம்: ஆண்டுச் சந்தா (300 × 1,500) ரூ.4,50,000. புதிய ஆயுள் சந்தா (24 × 10,000) ரூ.2,40,000. மாநாட்டு வரவு ரூ.6,80,000. எஃப்.டி. (நிரந்தர வைப்பு) வட்டி ரூ.70,000. மொத்தம் ரூ.14,40,000.

செலவு: வாடகையும் எழுத்தர் சம்பளமும் ரூ.3,60,000. மாநாடு ரூ.5,10,000. மாதாந்திரத் தொழில்நுட்பக் கூட்டங்கள் ரூ.1,20,000. அச்சு, தபால், தணிக்கைக் கட்டணம் முதலியவை ரூ.90,000. மொத்தம் ரூ.10,80,000.

உபரி ரூ.3,60,000 வருகிறது. ஆனால் சேமிப்புக் கணக்கில் ஏப்ரல் 1-இல் இருந்த ரூ.4,10,000 மார்ச் 31-இல் ரூ.3,05,000 ஆகிவிட்டது. கையிருப்பு ரொக்கம் கிடையாது.

இந்த உபரியை நம்பி, ஆண்டுச் சந்தாவை 1,000 ஆகக் குறைப்பது, பயிற்சி மையம் ஒன்றுக்கு 2 லட்சம் நன்கொடை கொடுப்பது என்று செயற்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வரப்போகின்றன. அதற்குள் விளக்கம் வேண்டும். யாராவது பணத்தை எடுத்திருப்பார்களோ என்றுகூட ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார்.

பட்டயக் கணக்கர், மதுரை:

யார் மீதும் சந்தேகம் சொல்வதற்கு முன் பேரேட்டைத் திறங்கள். உபரி உண்மையென்றால் வங்கி இருப்பு 3,60,000 கூடியிருக்க வேண்டும், ஆனால் 1,05,000 குறைந்திருக்கிறது. ஆகவே விளக்க வேண்டிய தொகை 3,60,000 + 1,05,000 = ரூ.4,65,000. வருமானமாக எழுதி, பணமாக வராதவை எவை? பணமாகப் போய், செலவில் ஏறாதவை எவை? இந்த இரண்டு கேள்விக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கத்தில் போன ஆண்டைவிட எந்தெந்தத் தலைப்பு கூடியிருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். எஃப்.டி., முன்பணம், வரவேண்டியவை, தளவாடம், ‘மாநில அமைப்பு கணக்கு’ (மாவட்டச் சங்கம் மாநில அமைப்புக்குத் தரும் பங்கு) என்று ஏதாவது இருந்தால் அதுவும். கடைசியாகச் சொன்னதில்தான் பல சங்கங்களில் பெரிய தொகை ஒளிந்திருக்கும்.

மாவட்டப் பொருளாளர்:

பார்த்தேன் சார். கூடியிருப்பவை:

எஃப்.டி. ரூ.63,000 (வட்டி அசலோடு சேரும் வகை), டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி; இங்கே வட்டியில் வங்கி பிடித்தது) வரவேண்டியது ரூ.7,000. மாநாட்டு முன்பணம் ரூ.1,50,000; ஒருங்கிணைப்பாளரிடம் மொத்தம் 6,60,000 கொடுத்ததில் 5,10,000-க்குத்தான் பில் வந்துள்ளது, சமையல், பந்தல் பில்கள் பாக்கி என்கிறார். விளம்பரதாரர்களிடமிருந்து வரவேண்டியது ரூ.90,000. மாநில அமைப்பு கணக்கு ரூ.1,30,000. பிரிண்டர், ஸ்கேனர் ரூ.25,000.

மாநிலப் பங்கு ஆண்டு உறுப்பினர் ஒருவருக்கு 500 ரூபாய், ஆயுள் உறுப்பினர்களுக்குக் கிடையாது. 1,30,000 என்பது முந்தைய ஆண்டுப் பங்கு, இந்த ஆண்டு மே மாதம் அனுப்பியது. இந்த ஆண்டுக்கானது இன்னும் அனுப்பவில்லை.

பட்டயக் கணக்கர், மதுரை:

63,000 + 7,000 + 1,50,000 + 90,000 + 1,30,000 + 25,000 = 4,65,000. ஒரு ரூபாய் மீதமில்லாமல் பொருந்துகிறது. இந்த வித்தியாசத்துக்குள் திருட்டு இல்லை என்று அந்த உறுப்பினரிடம் சொல்லலாம். அந்த 1.50 லட்சத்துக்கு மட்டும் பில் வந்தபிறகு முழுமையாகச் சொல்லுங்கள்.

ஆனால் உபரியும் இல்லை. அதுதான் பெரிய விஷயம்.

ஆயுள் சந்தா 2,40,000 இந்த ஆண்டின் வருமானம் அல்ல. அந்த 24 பேருக்கும் இனி ஆயுள் முழுக்கச் சேவை செய்ய வாங்கிய பணம் அது; மூலநிதிக்கு (அசலைத் தொடாமல் காக்கும் நிதி) போக வேண்டும். இந்த ஆண்டின் மாநிலப் பங்கு 300 × 500 = 1,50,000 மார்ச் 31-இல் கொடுபட வேண்டிய கடன், அது செலவில் ஏறவில்லை. மாநாடு ஆண்டுக்குள் நடந்து முடிந்ததால் பாக்கி பில்கள் 1,50,000-மும், வந்து சேர்ந்ததும், இந்த ஆண்டுச் செலவுதான்.

3,60,000 − 2,40,000 − 1,50,000 − 1,50,000 = ரூ.1,80,000 பற்றாக்குறை. விளம்பரதாரர் பணம் வராவிட்டால் 2,70,000.

மாநிலத்துக்கு அனுப்பிய 1,30,000 சொத்து அல்ல. முந்தைய ஆண்டில் விட்டுப்போன செலவு. அதைப் பொதுநிதியின் தொடக்க இருப்பில் கழித்து, ‘முந்தைய ஆண்டுச் சரிக்கட்டல்’ என்று குறிப்பும் போடுங்கள். பழைய ஆண்டின் தணிக்கையான கணக்கைத் திருத்தக் கிளம்பாதீர்கள். இந்த ஆண்டுக்கு ஆடிட்டர் இன்னும் கையெழுத்திடாதது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்யலாம்.

சந்தாவை 1,000 ஆக்கினால், மாநிலப் பங்கு போக ஓர் உறுப்பினரிடமிருந்து சங்கத்துக்கு மிஞ்சுவது 500. பற்றாக்குறையில் இன்னொரு 1,50,000 கூடும். தயவுசெய்து அந்தத் தீர்மானத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

சங்கச் செயலர், கோவை:

ஆயுள் சந்தா விஷயத்தில் சிறு மாற்றுக் கருத்து. முழுவதையும் மூலநிதியில் போடாமல், 15 ஆண்டுக்குப் பிரித்து ஆண்டுக்கு 667 வீதம் வருமானத்தில் எடுக்கும் சங்கங்களும் உண்டு. துணைவிதியில் எது எழுதியிருக்கிறதோ அதன்படி செய்யலாம் அல்லவா?

பட்டயக் கணக்கர், மதுரை:

செய்யலாம். துணைவிதியோ பொதுக்குழுத் தீர்மானமோ இருந்தால் அதுதான் வழி. ஆண்டுக்காண்டு முறையை மாற்றாமல் இருந்தால் போதும். ஆனாலும் வட்டியை மட்டும் செலவழிக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். 15 ஆண்டு கழித்து அந்தப் பணம் தீர்ந்துவிடும், உறுப்பினர் இருப்பார்.

அதைவிட அவசரமானது கட்டண அளவு. ஆண்டு உறுப்பினர் ஒருவரால் சங்கத்துக்கு நிற்பது 1,000. அவர் 10,000 கட்டி ஆயுள் உறுப்பினரானால் 7% வட்டியில் கிடைப்பது 700. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆண்டுக்கு 300 நஷ்டம், அதுவும் வட்டி இறங்காமல் இருந்தால். 1,000 ஈட்ட 14,300 வேண்டும். 15,000-க்குக் கீழே வைக்காதீர்கள். ஆண்டுச் சந்தா உயரும்போதெல்லாம் ஆயுள் சந்தாவும் சேர்ந்து உயரும்படி துணைவிதியில் ‘ஆண்டுச் சந்தாவின் இத்தனை மடங்கு’ என்று எழுதிவிடுவது நல்லது.

இதுவரை வாங்கிய ஆயுள் சந்தா மொத்தம் எவ்வளவு? எஃப்.டி. இப்போது எவ்வளவு?

மாவட்டப் பொருளாளர்:

ஆயுள் சந்தா தொடக்கத்திலிருந்து, இந்த 24 பேரையும் சேர்த்து, ரூ.9,40,000. எஃப்.டி. ரூ.10,63,000, எல்லாம் ஒரே கூட்டுறவு வங்கியில்.

பட்டயக் கணக்கர், மதுரை:

அப்படியானால் நன்கொடைக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சேமிப்பும் எஃப்.டி.யும் சேர்ந்து 13,68,000. ஆயுள் நிதி 9,40,000 போக 4,28,000. மாநிலத்துக்குத் தர வேண்டிய 1,50,000 போக 2,78,000. வாடகையும் சம்பளமும் மாதம் 30,000. ஆறு மாதத்துக்கு 1,80,000 அவசரக் கையிருப்பாக ஒதுக்குங்கள். மிச்சம் 98,000. இதிலிருந்து 2 லட்சம் எப்படிக் கொடுப்பது?

இன்னொன்று: வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. முதிர்வு வரும் வரிசையில் இரண்டு மூன்று வங்கிகளுக்குப் பிரியுங்கள். வங்கி மாற்றுவதற்குச் செயற்குழுத் தீர்மான எண் வேண்டும், மறக்காதீர்கள்.

மாநாட்டுக் கணக்குப் பார்ப்பவர்:

மாநாட்டைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை. கணக்குப்படி 1,70,000 லாபம் தந்த மாநாடு என்று உங்கள் செயற்குழு நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் வரவு 6,80,000, செலவு 6,60,000, லாபம் 20,000. விளம்பரதாரரின் 90,000 வராவிட்டால் 70,000 நஷ்டம். எத்தனை பிரதிநிதிகள், கட்டணம் எவ்வளவு?

மாவட்டப் பொருளாளர்:

250 பேர், தலைக்கு 2,000. விளம்பரம் 1,80,000. சாப்பாடு, பை, சான்றிதழ் எல்லாம் தலைக்கு 1,200 ஆனது. மண்டபம், மேடை, மலர் அச்சு, பேச்சாளர் பயணம் சேர்த்து 3,60,000.

மாநாட்டுக் கணக்குப் பார்ப்பவர்:

ஒரு பிரதிநிதியால் மிஞ்சுவது 800. நிலையான செலவு 3,60,000-இல் விளம்பரம் 1,80,000 போக மீதியை 800-ஆல் வகுத்தால் 225 பேர். 250 பேர் வந்ததால் தப்பித்தீர்கள். வந்து சேர்ந்த விளம்பரப் பணம் 90,000-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் 338 பேர் வந்திருக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் வங்கியில் விழுந்த விளம்பரப் பணத்தை மட்டும் வரவில் எடுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

முன்பணத்தை ஒரே தடவையில் லட்சக்கணக்கில் கொடுக்காதீர்கள். 25,000 கொடுத்து, அதற்குப் பில் வந்தபின்தான் அடுத்த 25,000. மண்டபம், சமையல், பந்தல் மாதிரிப் பெரிய தொகைகள் ஒருங்கிணைப்பாளர் கை வழியே போகவே கூடாது. சங்கக் கணக்கிலிருந்து நேரே விற்பவர் கணக்குக்குப் போக வேண்டும். மாநாடு முடிந்து 15 நாளில் கணக்கு முடிப்பு என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

டி.டி.எஸ். பிடித்தீர்களா? சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான அமைப்பு, ஒப்பந்தக்காரருக்கு ஒரே பில்லில் 30,000-க்கு மேலோ ஆண்டில் 1 லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் பிடித்தாக வேண்டும். தனிநபர் என்றால் 1%, மற்றவர்க்கு 2%. பிடிக்காமல் விட்டால் மாதம் 1% வட்டி, பிடித்துக் கட்டாமல் விட்டால் 1.5%. பாக்கி பில்கள் வரும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள்.

சங்கச் செயலர், கோவை:

ஜி.எஸ்.டி. பக்கமும் ஒரு கண் வையுங்கள். சந்தா, ஆயுள் சந்தா, மாநாடு சேர்த்து 13,70,000, வட்டியோடு 14,40,000. சேவைகளுக்கான பதிவு எல்லை 20 லட்சம். இப்போது கீழே இருக்கிறீர்கள், ஆனால் பெரிய மாநாடு ஒன்று போதும், தாண்டிவிடும். உறுப்பினருக்குச் சங்கம் செய்யும் சேவையும் வரிக்குரியது என்று 2021-இல் ஜி.எஸ்.டி. சட்டத்தில் 7(1)(ஏஏ) உட்பிரிவைச் சேர்த்து, 2017 ஜூலை 1 முதல் பின்தேதியிட்டார்கள். அது செல்லாது என்று 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு இங்கே முடிவெடுக்க வேண்டாம். ஆடிட்டரிடம் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வருமான வரியிலும் ‘எங்கள் பணம் எங்களுக்கே’ என்ற வாதம் சந்தாவுக்குப் பொருந்தும், வங்கி வட்டிக்குப் பொருந்தாது. பெங்களூரு கிளப் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. அந்த 7,000 டி.டி.எஸ். ஐயும் ரிட்டர்ன் போட்டால்தான் கணக்கில் எடுக்க முடியும்.

மாவட்டப் பொருளாளர்:

மிக்க நன்றி. ஒரு சிக்கல். ‘இத்தனை வருஷம் ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லையே, இப்போது பற்றாக்குறை என்றால் உறுப்பினர்கள் என்ன நினைப்பார்கள்’ என்று தலைவர் கேட்பார். எப்படிச் சொல்வது?

பட்டயக் கணக்கர், மதுரை:

எழுத்தர் கொடுத்த உபரி, மூன்று கழிவுகள், உண்மையான பற்றாக்குறை, செலவழிக்கக்கூடிய 98,000: இவ்வளவையும் ஒரே பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். பொறியாளர்கள் எண்ணைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். மறைத்தால்தான் ஆபத்து. தணிக்கையான கணக்கை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மனு கொடுத்தால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் பதிவாளர் விசாரணை நடத்தலாம். அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

இனி மாதந்தோறும் செயற்குழுவில் ஒரு தாள் வையுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு கட்டம்: பட்ஜெட், இதுவரை செலவு, ஒப்புக்கொண்டு இன்னும் கொடுக்காதது, மீதம். மூன்றாவது கட்டம் இல்லாததால்தான் மாநிலப் பங்கும் சமையல் பில்லும் யார் கண்ணிலும் படவில்லை. கூடவே வங்கி அறிக்கையும் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போகும் சரிபார்ப்புத் தாள், அதை எழுதியவர் அல்லாத ஒருவர் கையெழுத்தோடு. வங்கி அறிக்கை பொருளாளர் வழியாக வராமல் தலைவர், செயலர் மின்னஞ்சலுக்கு நேரே போகட்டும். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

கணக்காளர், திருச்சி:

சேர்க்க வேண்டியவை: இணைய வங்கியில் ஒருவர் பதிவிட்டு மற்றவர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டு வாங்குங்கள், இருவருடைய கடவுச்சொல்லும் ஒரே எழுத்தரிடம் இருந்தால் பயனில்லை. வெற்றுக் காசோலையில் கையெழுத்து வேண்டாம். சந்தா வாங்கும் யு.பி.ஐ. க்யூ.ஆர். அட்டை சங்கக் கணக்குக்குத்தான் போகிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ரசீதுப் புத்தகங்களின் தொடர் எண்ணைச் சந்தாப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்: 300 சந்தா என்றால் 300 ரசீது, 4,50,000 வங்கியில்.

மாவட்டப் பொருளாளர்:

ரசீதுப் புத்தகத்தை நாளையே எடுக்கிறேன். விளம்பரதாரர்களுக்கு 30 நாள் கெடுவோடு கடிதம் தயார் செய்கிறேன். ஒருங்கிணைப்பாளரிடம் பில் கேட்டு எழுத்தில் அனுப்பிவிட்டேன். இரண்டு தீர்மானங்களையும் திருத்திய கணக்கு தயாராகும் வரை ஒத்திவைக்கத் தலைவர் ஒப்புக்கொண்டார்.

பட்டயக் கணக்கர், மதுரை:

நல்லது. 90,000-இல் அந்தக் கெடுவுக்குள் வராததை ஐயக்கடனாக (வராமல் போகக்கூடிய கடன்) ஒதுக்கிவிட்டு ஆடிட்டரிடம் கொடுங்கள். பில் வராத முன்பணத்தை மட்டும் செலவில் ஏற்றிவிடாதீர்கள். பில் வரும்வரை அது ஒருங்கிணைப்பாளர் பெயரில்தான் நிற்க வேண்டும்.