சனசமூக நிலையத்து 4ஜி இரவில் இழுபடுது: வெளி அன்டெனா போடலாமா?

குளக்கட்டு:
முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு சனசமூக நிலையம். பின்னேரத்தில உயர்தரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சூம் வகுப்புக்கு வருவினம். ரவுட்டர் உள்ளுக்குள்ள ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) -116, எஸ்ஐஎன்ஆர் (சிக்னல் தெளிவு) 2 எண்டு காட்டுது. காலமை 6 எம்பிபிஎஸ் வருது, இரவு 8 மணிக்கு 1 கூட இல்லை. தகரக் கூரை, சுத்திவரத் தேக்கும் பனையும். கடையில வெளி அன்டெனாவோட 15 மீட்டர் வயரும் தாறம் எண்டுகினம். பொதுக்காசு, வீணாகக் கூடாது.

மல்லாவி நெற்:
வாங்க முதல் ரவுட்டரின்ர நிர்வாகப் பக்கத்தைத் திறவுங்கோ, முகவரி அடியில ஒட்டின ஸ்டிக்கரில கிடக்கும். காலமை 6க்கும் இரவு 8க்கும் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், பாண்ட் (அலைவரிசை), செல் ஐடி (டவர்ப் பகுதியின்ர எண்) நாலையும் வேகத்தோட ஒரு கிழமைக்கு எழுதுங்கோ. ஆர்எஸ்ஆர்பி ரெண்டு நேரமும் ஒண்டாயிருக்க வேகம் மட்டும் விழுந்தால், அது டவரில நெரிசல். உங்களுக்குச் சிக்னல் குறைவு, நெரிசல் ரெண்டு குறையும் சேர்ந்திருக்கு. -116 எண்டது சிக்னல் எட்டுற விளிம்பு. ஆர்எஸ்ஆர்பி -95க்கு மேல (பூச்சியத்துக்குக் கிட்ட வர நல்லது), எஸ்ஐஎன்ஆர் 10க்கு மேல கொண்டுவரப் பாருங்கோ.

அன்டெனாவால நெரிசல் போகாது. ஆனால் எஸ்ஐஎன்ஆர் கூடினால் டவர் உங்களுக்குத் தாற அதே பங்கில கூடத் தரவை ஏத்தி அனுப்பும். அதனால இரவிலயும் கொஞ்சம் தெரியும்.

காசில்லாத வேலை முதல்: ரவுட்டரைத் தகரத்துக்குக் கீழயிருந்து எடுத்து டவர்ப் பக்க யன்னலில வையுங்கோ.

ஏ34 வீதி:
அந்த 15 மீட்டர் வயரை வாங்க வேண்டாம். கடையில் தருவது பெரும்பாலும் ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிள். 1800 மெகாஹேர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 0.8 டெசிபெல் சிக்னலைத் தின்னும். 10 டெசிபெல் அன்டெனா பிடித்துத் தருவதை 15 மீட்டர் வயர் முழுதாக விழுங்கிவிடும். எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் என்றால் அதே நீளத்துக்கு 3 டெசிபெல்லுக்குள் நிற்கும், விலைதான் கூட.

இதைவிட நல்லது, மோடமே அன்டெனாவுக்குள் இருக்கும் வெளிப்புற 4ஜி ரவுட்டர். சிம் மேலே போகும், கீழே வருவது பிஓஇ (நெட் கேபிளிலேயே போகும்) மின்சாரத்தோடு ஒரு கேட்-6 கேபிள் மட்டும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். கேபிளை வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ளதாக எடுங்கள்.

20 அடி ஜீஐ குழாயைச் சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். 5 கிலோமீட்டரில் டவர் என்றால், நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி 8, 9 மீட்டர் தடையில்லாத வெளியாவது வேண்டும். கிட்ட நிற்கும் உயரம் குறைந்த மரங்களைத்தான் குழாய் தாண்டும். மாரியில் இலை நனைந்ததும் சிக்னல் இறங்கினால் தடை மரம்தான். திருப்பும்போது ஒரு தடவைக்கு 10 பாகை, அரை நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி உச்சமாக வரும் திசையும் எஸ்ஐஎன்ஆர் உச்சமாக வரும் திசையும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எஸ்ஐஎன்ஆரை நம்புங்கள்.

குளக்கட்டு:
சரி, வெளி ரவுட்டரே போடுறம். பாண்ட் பூட்டுறது, அதாவது ரவுட்டரை ஒரே பாண்டில நிப்பாட்டுறது எண்டுகினமே, அது வேணுமோ?

மல்லாவி நெற்:
வேணும். ரவுட்டர் தானாகப் பலமான பாண்டைப் பிடிக்கும், அதில நெரிசல் கூடவாயிருக்கலாம். 900 மெகாஹேர்ட்ஸ் பாண்ட் தூரம் போகும், மரத்துக்குள்ளாலயும் வரும், ஆனால் அகலம் (ஒரே நேரத்தில ஏத்துற தரவு) குறைவு. 2300க்கு அகலம் கூட, தேக்கங்காட்டில செத்துப்போகும். இரவு 8 மணிக்கே ஒவ்வொண்டாப் பூட்டி வேகம் பாருங்கோ, காலமை பார்த்துத் தெரிவு செய்யாதேங்கோ.

பன்னிரண்டு பேரும் ஒரே வகுப்பெண்டால் ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போதும். வேற வேற வகுப்பெண்டால் எல்லாரும் தங்கட வீடியோவை நிப்பாட்டட்டும். ஆசிரியரின்ர குரலும் திரைப்பகிர்வும் ஆளுக்கு 150 கேபிபிஎஸ் அளவிலதான் இழுக்கும், அப்ப 2 எம்பிபிஎஸ்ஸில பன்னிரண்டு பேரும் இருக்கலாம். போன்களில வைபையை ‘மீட்டர்’ (தரவை அளந்து பாவிக்கிற) இணைப்பாக்குங்கோ. இல்லாட்டி போன் படங்கள் தானாக இணையத்துக்கு ஏறுறதிலயே வகுப்பு இடறும்.

ஏ34 வீதி:
குழாயைத் தரைக்கம்பியோடு இணைக்காமல் விடாதீர்கள். ஐப்பசி இடிமழையில் பிஓஇ கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரலாம். சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) காப்பு ஒன்று போடுங்கள், இடிமழை வருமுன்பே கேபிளைக் கழற்றுங்கள், இடி கேட்டபின் அதைத் தொடாதீர்கள்.

பாண்ட் எல்லாம் மாற்றியும் இரவில் வேகம் ஏறவில்லையா, சிம் கம்பனியிடம் முறைப்பாடு கொடுங்கள். “நெட் ஸ்லோ” என்று சொன்னால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள். அந்த ஒரு கிழமைக் குறிப்பை, செல் ஐடியோடும் காலை இரவு வேகத்தோடும் சனசமூக நிலையக் கடிதத் தலைப்பில் எழுதிக் கொடுத்துக் குறிப்பு எண் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணோடு தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம்.