நீண்டகால நோயும் உடல்நல உளவியலாளரும்: எங்கள் அனுபவங்கள்

திண்டுக்கல்லிலிருந்து, டயாலிசிஸ் செய்துகொள்பவரின் மகள்

என் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால் செலவுச் சுமை பெரிதும் குறைந்தது. குறையாமல் இருந்தது தண்ணீரை ஒட்டிய சண்டைதான். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்ட நிலையில் காப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பாவோ ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கு கிலோ எடை ஏறிப் போவார். அவ்வளவு நீரையும் ஒரே அமர்வில் இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள்தான் எழுவார். அம்மா அடுக்களை வாசலில் காவல் இருந்தார். அப்பா குளியலறைக் குழாயில் குடித்தார்.

இந்த நிலையில்தான் சிறுநீரக மருத்துவர், உடல்நோயோடு வாழ்பவர்களின் மனச்சிக்கல்களைக் கவனிக்கும் ஓர் உளவியலாளரை அனுப்பிவைத்தார். அந்த அம்மையார் அப்பாவைத் தம் அறைக்கு அழைக்கவில்லை. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்த நோய் எதனால் வந்ததாக நினைக்கிறார், எவ்வளவு காலம் இருக்கும், இது தம்மை என்ன செய்யும், எதைச் செய்தால் கட்டுப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நோயாளி தம் நோயைப் பற்றி மனத்தில் வைத்திருக்கும் இந்தச் சித்திரமே அவர் மருத்துவர் சொல்படி நடப்பதையும் நடக்காததையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது ஹோவர்டு லெவந்தால் என்னும் அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த கருத்து என்று பின்னால் அறிந்தேன். அப்பா சொன்ன பதில் இது: “கிட்னி தூங்குதும்மா. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல முழிச்சுக்கும்.” எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் இப்படி நம்பிக்கொண்டிருந்தது தெரியாது. விரைவில் முடிந்துவிடப் போகிற ஒன்றுக்காகத் தாகத்தை அடக்கிப் பழகுவானேன் என்பது அவருடைய கணக்கு.

அந்த நம்பிக்கையை உளவியலாளர் அங்கேயே உடைத்துவிடவில்லை. அடுத்த சந்திப்பில் சிறுநீரக மருத்துவரையும் உடன் வைத்துக்கொண்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் பழைய அறிக்கைகளையும் ஸ்கேனில் சுருங்கித் தெரிந்த சிறுநீரகங்களையும் காட்டி, இது வாழ்நாள் முழுவதற்குமான சிகிச்சை என்று பொறுமையாக விளக்கச் செய்தார். அதன் பிறகு அப்பா பல நாட்கள் யாரோடும் பேசவில்லை. சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை மனச்சோர்வுக்கும் அறிகுறிகள், சிறுநீரகச் செயலிழப்புக்கும் அறிகுறிகள் என்பதால், ஒன்பது கேள்விகள் கொண்ட வழக்கமான மனச்சோர்வுப் படிவத்தின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது என்று உளவியலாளர் எங்களிடம் சொன்னார். எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா, தம்மைச் சுமையென்று நினைக்கிறாரா, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்பவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டறிந்தார். அப்பாவுக்கு வந்தது துக்கம். அதற்கு உரிய காலத்தைக் கொடுக்க வேண்டும் என்று எங்களையும் பொறுத்திருக்கச் சொன்னார்.

பிறகுதான் தண்ணீருக்கு வந்தார். அப்பா வழக்கமாகக் குடிக்கும் சொம்பை எடுத்து வரச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அளந்து பார்த்தார். அந்த ஒரு சொம்பே நாளின் அளவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதை அப்பா தம் கண்ணால் கண்டார். காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டரை அப்பாவே நிரப்பிக்கொள்ள வேண்டும். காப்பி குடித்தால் அதே அளவு நீரை அந்தப் பாட்டிலிலிருந்து கீழே ஊற்றிவிட வேண்டும். அம்மா அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. தாகம் எந்த நேரத்தில் அதிகம் என்று அப்பா எழுதிவந்த தாளைப் பார்த்தால், வெயில் நேரத்தைவிட மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய இரண்டு மணி நேரமே மோசமாக இருந்தது. ஊறுகாயும் அப்பளமும்தான் காரணம். உப்பு உள்ளே போனால் தாகத்தை எந்த மன உறுதியாலும் வெல்ல முடியாது என்று சொல்லி அவற்றை நிறுத்தச் செய்தார். சிறிய டம்ளரும், வாயில் ஒதுக்கிக்கொள்ள ஒரு ஐஸ் துண்டும் அவற்றின் இடத்துக்கு வந்தன. இப்போது இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடை இரண்டரைக் கிலோவுக்குள் நிற்கிறது. தம் நோயில் தாம் முடிவெடுக்கும் இடம் ஒன்று அப்பாவுக்குக் கிடைத்ததை எடைக் குறைவைவிடவும் பெரிதாக நினைக்கிறேன்.

திருச்சியிலிருந்து, முடக்குவாதம் உள்ள பள்ளி ஆசிரியை

மேலே எழுதிய சகோதரியின் பகிர்வைப் படித்து, என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்கு உளவியலாளரைப் பார்க்கச் சொன்னபோது எழுந்த முதல் அச்சம், வலியெல்லாம் என் கற்பனை என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான். அவர் அதைத் தாமாகவே எடுத்துப் பேசினார். மூட்டின் வீக்கம் உண்மை, வலியும் உண்மை. ஆனால் மெல்ஸாக், வால் என்னும் வலி ஆய்வாளர்கள் இருவரும் 1965ஆம் ஆண்டில் விளக்கியபடி, முதுகுத்தண்டில் வலிச் செய்திகள் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கின்றன, அந்த வாயிலைத் திறப்பதிலும் மூடுவதிலும் அச்சத்துக்கும் பதற்றத்துக்கும் கவனத்துக்கும் பங்கு உண்டு என்றார். முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்த வாரம் ஒரு முறை போடும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தவறாமல் தொடர வேண்டும் என்பதையும் அழுத்தமாகச் சொன்னார்.

என்னை ஒரு நோட்டில் வேலையையும் வலியையும் எழுதச் சொன்னார். விரல்கள் இளகியிருக்கும் நாளில் துணி துவைத்து, மாவாட்டி, விடைத்தாள் கட்டையும் திருத்தி முடிப்பதும், அதற்கடுத்த நாட்களில் கதவுத் தாழ்ப்பாளைக்கூடத் தள்ள முடியாமல் கிடப்பதும் அந்த நோட்டில் பளிச்சென்று தெரிந்தது. வலி வந்த பிறகு நிறுத்துவதை விட்டு, கடிகாரம் பார்த்து நிறுத்தப் பழக்கினார்: இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு, நல்ல நாளிலும் இதே அளவு. நல்ல நாளில் பாதியில் எழுந்திருப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. என் மாமியார் “நேத்து நல்லாத்தானே இருந்தா” என்பார். உளவியலாளர் அவரையும் ஒருநாள் வரவழைத்து, அந்த நோட்டை அவரையே வாசிக்கச் செய்தார். அன்று அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, விறைப்பு தளரும்வரை நான் கையை நனைத்துக்கொள்ளட்டும் என்று அவரே வெந்நீர் வைத்திருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து, முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள இளைஞரின் தந்தை

என் மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றபின் அவனுடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஏறிக்கொண்டே போனது. அலட்சியம் என்று எல்லோரும் திட்டினோம். உளவியலாளர் திட்டவில்லை; இரவு இன்சுலினை மட்டும் ஏன் குறைத்துப் போடுகிறாய் என்று கேட்டார். ஒரு முறை நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து நடுங்கி, அறையில் யாரையும் எழுப்ப முடியாமல் கிடந்ததை அவன் எங்களிடம் மறைத்திருந்தான். மறுபடி அப்படித் தாழ்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இன்சுலினைக் குறைத்திருக்கிறான். சர்க்கரை நோயோடு வாழ்வதால் வரும் இத்தகைய மன அழுத்தம் மனச்சோர்விலிருந்து வேறானது. அதை அளக்கவே 1995 முதல் தனிப் படிவம் இருக்கிறது. அறைத் தோழனுக்கு அறிகுறிகளைச் சொல்லிக் கொடுப்பது, தலைமாட்டில் குளுக்கோஸ் வைத்துக்கொள்வது, மருத்துவர் மேற்பார்வையில் இன்சுலின் அளவைச் சிறிது சிறிதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று படிப்படியாகச் சென்றார்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: ‘உடல்நல உளவியலாளர்’ என்ற பெயர்ப் பலகை நம் ஊர்களில் அரிது. இந்தப் பணியைப் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர்களே செய்கிறார்கள். அவர்களிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் மருந்து எழுத மாட்டார்கள். மருந்து தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். உடனே யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால், 2022இல் தொடங்கப்பட்ட அரசின் தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.