வாடிக்கையாளரிடம் "எதுக்குங்க?" என்று கேட்ட அனுபவங்கள்: சேலம், ஏற்காடு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

கொலுசுப் பட்டறைகளுக்கு மென்பொருள் செய்து தருகிறேன். முதலாளி சொல்வதை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து உடனே கோடிங்கில் உட்காருவது நம் ஊரில் சகஜம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

"கம்பி இழுக்கிறது, பத்த வைக்கிறது, மெருகு போடுறது, எல்லா இடத்துலயும் எடை ஏறணும் தம்பி. ஒரு கிராம் நழுவக் கூடாது" என்றார் முதலாளி.

"எதுக்குங்கய்யா அத்தனை இடத்துலயும்?"

"சேதாரம் எங்க போவுதுன்னு தெரியணுமில்ல."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வாரக் கணக்கு முடிக்கும்போதெல்லாம் எடைத் தகராறு. கைத்தேர்ந்த ஆட்கள் சிலர் அதனாலேயே வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். கணக்கு முடிக்கையில் இருவரும் ஒரே எடையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் இலக்கு. நல்ல வேலைக்காரர் விட்டுப் போகக் கூடாது என்பது அதற்கும் மேலே உள்ள இலக்கு. கட்டத்துக்குக் கட்டம் எடை பார்த்தால் "நம்மைத் திருடனா நினைக்கிறாரு" என்று மிச்சமிருப்பவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

ஏன் என்று கேட்டால் மேல் இலக்கு தெரியும். எப்படி என்று கேட்டால் அதை அடையும் வழிகள் தெரியும், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். மென்பொருளுக்கு என்னென்ன தேவை என்று திரட்டும் காவோஸ் (KAOS) முறையைப் பற்றி டார்டென், வான் லாம்ஸ்வீர்டே, ஃபிக்காஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் 1993இல் எழுதிய கட்டுரையின் அடிப்படையே இலக்கிலிருந்து தேவைகளைத் தேடுவதுதான். நாங்கள் தேர்ந்த வழி: வெள்ளி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மட்டும் எடை. இருவரும் தராசின் முன் நிற்பார்கள், அதே எடை வேலைக்காரர் போனுக்கும் போகும்.

அடுத்து, இதற்கு என்ன தடை வரும் என்று தேடினோம். பட்டறையில் ஃபேன் ஓடினால் தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடுகிறது. எண் அசையாமல் நின்றால்தான் பதிவாகும்படி செய்தோம். அது மென்பொருளின் பொறுப்பு, ஆகவே அதற்குப் பெயர் "தேவை". அரப்பொடியைக் கூட்டிப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பது வேலைக்காரர் பொறுப்பு. வான் லாம்ஸ்வீர்டே இதை எதிர்பார்ப்பு என்று தனியாகப் பிரிக்கிறார். எந்தத் திரையை வரைந்தாலும் இதை நாம் செய்ய வைக்க முடியாது. முதலாளிதான் உட்கார்ந்து பேச வேண்டும். பேசினார்.

ஏற்காட்டிலிருந்து:

இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் விரல்ரேகை வருகைப்பதிவு கேட்டார்கள். எதற்கென்று விசாரித்தால், பறித்த கிலோவுக்குச் சரியான கூலி போய்ச்சேர வேண்டும், அவ்வளவுதான். பழம் பறித்த கை பிசுபிசுவென்றிருக்கும், வருஷக்கணக்கான காட்டு வேலையில் ரேகையும் தேய்ந்திருக்கும், கார்த்திகை மழையில் சிக்னலும் வராது. ரேகையை விட்டோம். சாயங்காலம் மூட்டை நிறுக்கும் இடத்திலேயே பெயரும் கிலோவும் சீட்டாக அச்சாகி அக்காமார் கைக்குப் போனது. சிக்னல் கிடைக்கும்போது கணக்கு தானாக ஏறிக்கொள்ளும்.

"சுலபமா இருக்கணும்" என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். முழுசாக முடிந்தது என்று யாரும் முத்திரை குத்த முடியாத இப்படிப்பட்டவற்றை மென் இலக்கு என்பார்கள். மைலோபூலோஸ், சுங், நிக்சன் 1992இல் எழுதியது இதைப் பற்றித்தான். போதுமான அளவுக்கு நிறைவேறினால் சரி. மேஸ்திரியைக் கவனித்தேன், ஒரு கையில் எப்போதும் குடை. எல்லாப் பொத்தானையும் இன்னொரு கையின் கட்டைவிரலுக்கு எட்டும்படி வைத்தோம்.

அம்மாபேட்டையிலிருந்து:

ஒரு சந்தேகம் அண்ணா. முதலாளி இலக்கும் வேலைக்காரர் இலக்கும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது? காசு தருவது முதலாளிதானே?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

இரண்டையும் தனித்தனியாக வரைந்துவிடுங்க தம்பி. எரிக் யூ 1995இல் டொராண்டோவில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஐ-ஸ்டார் முறையில், யார் யாரை எதற்கு நம்பியிருக்கிறார்கள் என்று படமாகவே போடலாம். முன்பண பாக்கியை வேலைக்காரர் போனில் காட்டவே கூடாது என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். அவர் தொழிலே அந்தக் கைகளை நம்பியிருப்பதைப் படத்தில் விரல் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, அதையும் காட்டிடு" என்றார். ஒருவர் கூலி இன்னொருவருக்குத் தெரியாமல் மட்டும் வைத்திருக்கிறோம். அது வேலைக்காரர்களே கேட்டது.