ராக சிகிச்சைக்குச் சங்கப் பணம் கொடுக்கலாமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசிகளின் விவாதம்

தாமான்வாசி:
சென்ற ஞாயிற்றுக்கிழமை நமது தாமானின் (குடியிருப்பின்) பாலாய் ராயாவுக்கு, அதாவது சமூகக் கூடத்துக்கு வந்த ஓர் ஆசிரியர், பத்து வாரம் முறையாக ராகங்களைக் கேட்டு வந்தால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வரும் என்று விளக்கிவிட்டுச் சென்றார். ஆளுக்கு 300 ரிங்கிட் கட்டணம். முதியவர்களுக்கு அதைச் சங்க நிதியிலிருந்தே கட்டிவிடலாம் என்பது என் கருத்து. அன்று வகுப்புக்கு முன் என் அம்மாவின் இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 11.4 மில்லிமோல், பாட்டு முடிந்து குத்திப் பார்த்தபோது 8.2. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அம்மா அன்று எத்தனை மணிக்குப் பசியாறினார்? ரொட்டி சானாயும் சீனி போட்ட தேநீரும் எடுத்த ஒரு மணி நேரத்தில் ஏறி நிற்கும் சர்க்கரை, காலை மாத்திரையும் சேர்ந்து வேலை செய்யும்போது, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தை ராகத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு நாளை யாராவது மாத்திரையை நிறுத்தினால், சங்கம் அதற்குப் பதில் சொல்லுமா?

செம்பனைக்காரன்:
அக்கா, எல்லாவற்றையும் ஊசி குத்தித்தான் அளக்க வேண்டுமா? என் அம்மா விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், ரப்பர் பால் வெட்டியவர். ஒரு நிரையில் ஒருத்தி பாட்டெடுத்தால் அடுத்த நிரையில் இருப்பவள் அதைத் தொடர்வாள் என்றும், அதனால்தான் உடல்வலி தெரியாமல் போனது என்றும் சொல்வார். ஆய்வு இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாதம் நாள்தோறும் பாட்டுக் கேட்டவர்களின் நினைவாற்றலும் கவனமும், ஒலிநூல் கேட்டவர்களைவிடவும் எதுவும் கேட்காதவர்களைவிடவும் நன்றாகத் தேறியிருந்தன.

ஓய்வுபெற்ற தாதி:
அந்த ஆய்வை நானும் ஏற்கிறேன். ஆனால் அவர்கள் கேட்டது தங்களுக்குப் பிடித்த பாட்டை; நோய்க்கொரு ராகம் என்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பிடித்த பாட்டைக் கேட்க மின்னல் எஃப்எம் வானொலி போதும், 300 ரிங்கிட் வேண்டாம். இசையால் நன்மை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இசையால் வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தின் தேவையும் குறைந்தது என்று காட்டியது. மருத்துவமனையில் தங்கும் நாள்கள் மட்டும் குறையவில்லை. எந்த நோயில் எது குறைகிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவருக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்). சமையலறை வாசற்படிக்கு வந்தால் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். உடல் முன்னால் சாயும், கால் வராது. ஒருநாள் பேரன் காலி பிஸ்கட் டின்னை எடுத்து ஒரே சீராகத் தட்டினான். மூன்றாவது தட்டில் வலது கால் எழுந்தது, நான்காவதில் இடது கால் படியைத் தாண்டியது. அடியெடுத்து வைக்கும் காலக்கணக்கை உள்ளிருந்து கொடுக்கும் மூளைப்பகுதி தளர்ந்துவிட்டாலும், காது வழியாக வரும் தாளம் அந்தக் கணக்கை வெளியிலிருந்து கொடுக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் தௌட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் தாளத்தோடு நடைப்பயிற்சி செய்த இத்தகைய நோயாளிகளின் நடை வேகமும் அடியின் நீளமும் கூடின. அங்கே வேலை செய்தது சீரான தாளம். ராகம் எது என்று என் கணவரின் கால் கேட்கவில்லை. தாளம் நின்றால் சில நாள் அவரும் நின்றுவிடுகிறார் என்பதையும் மறைக்க மாட்டேன்.

உறுமிக் குழு இளைஞன்:
தாளம்தான் மருந்தென்றால் எங்கள் குழு காசு வாங்காமல் வரும்.

ஓய்வுபெற்ற தாதி:
வாருங்கள் தம்பி, ஆனால் நான்கு சுவருக்குள் உறுமியை முழுவீச்சில் இழுக்காதீர்கள். 80 டெசிபல் அளவு ஒலியை வாரம் 40 மணி நேரம் வரைதான் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒலி ஏற ஏற அந்த நேரம் வேகமாகச் சுருங்கும்.

செம்பனைக்காரன்:
மறதிநோயாளிகளைப் பற்றி 2018இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பைப் பாருங்கள் அக்கா. ஐந்து அமர்வுகளுக்குக் குறையாமல் இசைச் சிகிச்சை பெற்றவர்களின் மனச்சோர்வு குறையக்கூடும் என்கிறது. தோட்டத்தை விட்டு இந்த அடுக்கு வீடுகளுக்கு வந்தபின் நம் முதியவர்கள் பூட்டிய கம்பிக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கூடிப் பாடுவதற்கு ஆகும் செலவை நான் வீண் என்று எண்ண மாட்டேன்.

ஓய்வுபெற்ற தாதி:
அதே தொகுப்பு, அவர்களின் மூர்க்கத்திலும் படபடப்பிலும் பெரிய மாற்றம் இல்லை என்றும் சொல்கிறது. கூடிப் பாடுவதற்கு என்றால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். நீரிழிவைக் கட்டுப்படுத்த என்று தீர்மானத்தில் எழுதினால் கையெழுத்திட மாட்டேன்.

செம்பனைக்காரன்:
தாளில் என்ன எழுதினாலும் வருகிறவர்கள் அதே முதியவர்கள்தாம். வார்த்தைக்காக வகுப்பையே தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாமான்வாசி:
இன்று நானே சோதித்தேன். எட்டு மணிக்கு அம்மா பசியாறினார். ஒன்பதுக்கு 11.1, பதினொன்றரைக்கு 8.4. இடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார், வானொலிகூட ஓடவில்லை. விவரத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வகுப்பு உண்டா என்றுதான் கேட்டார். தோட்டத்துப் பழைய லயத்தில் (வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டிலிருந்தவரை அங்கேதான் பல வருடம் கழித்துப் பார்த்தாராம்.