தீக்குச்சியைக் காணோம்

குழு: பெரிய வீடு

நான்: தொட்டியில் தீக்குச்சியைக் காணோம். நேற்று ராத்திரி விளக்கு அணைகிற நேரத்தில் பாறை ஓரமாக நின்றுகொண்டிருந்தது. காலையில் தீனி போட்டால் கோமாளி மீன்கள் இரண்டும் ஓடி வந்தன, இது வரவே இல்லை. சித்தப்பா, பார்த்ததும் பதில் போடுங்கள். அம்மு அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

அண்ணி: அடடா

அத்தை: யாரைக் காணோம்???

அண்ணன்: மீன் அத்தை. வெள்ளை உடம்பு, சிவப்பு வால், முதுகில் கொடி மாதிரி ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்குமே, அது.

அத்தை: நான் பயந்தே போனேன். சரி, நம் ஏணி யார் வீட்டில் இருக்கிறது?

சித்தப்பா: முதல் காரியம், பாறையைப் பிரிக்காதே. காணோம் என்றதும் எல்லோரும் செய்வது அதுதான், உயிரோடு ஒளிந்திருக்கிற மீன் அதிலேயே நசுங்கிப் போகும், மணலுக்கு அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பினால் மற்ற மீன்களுக்கும் ஆபத்து. இந்த ஃபயர்ஃபிஷ் இனமே பயந்த சுபாவம். கடலில் ஒரு பொந்துக்கு மேலேயே மிதந்துகொண்டு நிற்கும், நிழல் தட்டினால் போதும், சட்டென்று உள்ளே பாய்ந்துவிடும். பொந்துக்குள் போக முடியாவிட்டால் மேலே பாயும். அதனால் முதலில் தரையைப் பார். தொட்டிக்குப் பின்னால், ஸ்டாண்டுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில். துள்ளித் துள்ளிச் சில அடி தூரம்கூடப் போயிருக்கும். காய்ந்துவிட்டால் சருகு மாதிரி கிடக்கும், மீன் என்றே தெரியாது. ஈரப்பசை இருந்தால் யோசிக்காமல் கையை நனைத்து எடுத்துத் தண்ணீரில் விடு. செத்தது என்று நினைத்தவை பிழைத்திருக்கின்றன.

நான்: சோபாவையே நகர்த்திப் பார்த்துவிட்டேன் சித்தப்பா. அம்முவின் பென்சில்தான் கிடைத்தது.

அண்ணன்: பூனை?

நான்: எங்கள் வீட்டில் ஏது பூனை?

அண்ணன்: பக்கத்து வீட்டுப் பூனை

அண்ணி: ஜன்னலில் வலை இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

அண்ணன்: மூடி போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான்: மூடி உன் வீட்டுப் பரணில் இருக்கிறது அண்ணா. தொட்டி இங்கே வந்த அன்றைக்கு, அப்புறம் கொண்டுவருகிறேன் என்று சொன்னது நீ.

அத்தை: தொட்டியைத் தனக்குத் தரவில்லை என்கிற கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை

அண்ணன்: அப்படி எல்லாம் இல்லை அத்தை. பரணில் ஏற ஏணி வேண்டாமா?

மாமா: ஏணி என்னிடம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அத்தை: உங்களை யார் கேட்டது

சித்தப்பா: அந்தப் பழைய பேச்சு இப்போது வேண்டாம். தரையில் இல்லை என்றால் அடுத்தது தண்ணீர் வழிந்து கீழே இறங்குகிற ஓவர்ஃப்ளோ பெட்டி. மூலையில் சீப்புப் பல் மாதிரி இருக்கிறதே, அதைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால் அங்கேயே பல நாள் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும், மேலே இருந்து டார்ச் அடித்துப் பார். அப்புறம் கீழே தண்ணீர் வடிகட்டுகிற தொட்டி இருக்கிறதே, அந்தச் சம்ப்பில் ஃபில்டர் சாக்கை எடுத்து உதறிப் பார். கடைசியாக, மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் உறிஞ்சுகிற முகத்தைப் பார். நிறுத்தாமல் கை விடாதே.

நான்: பெட்டியில் இல்லை. சாக்கில் நத்தை ஒன்று. மோட்டாரிலும் இல்லை.

தம்பி: அக்கா, போன முறை நான் அங்கே தூங்கினபோது ராத்திரி தொட்டியில் டக் டக் என்று சத்தம் கேட்டதே, சொன்னேனே. அது மாண்டிஸ் இறாலாக இருந்தால்? கடலிலிருந்து உயிர்களோடு எடுத்து வருகிற லைவ் ராக் பாறையோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று படித்தேன். மீனை அடித்தே தின்னும்.

அண்ணி: ஐயோ

*அத்தை அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது*

அண்ணன்: என்ன அத்தை அழித்தீர்கள்?

அத்தை: ஒன்றும் இல்லை. புழு வீடியோ. பார்த்தால் குழந்தை பயப்படும்.

சித்தப்பா: சத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது தம்பி. பிஸ்டல் இறாலும் சொடுக்கும், அது பெரும்பாலும் மீன்களைத் தொந்தரவு செய்யாது. ஹெர்மிட் நண்டு தான் சுமக்கிற சங்கைக் கண்ணாடியில் மோதினாலும் சத்தம் வரும். மாண்டிஸ் இருந்தால் நத்தைகளும் நண்டுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்திருக்க வேண்டும், உடைந்த ஓடுகள் கிடக்க வேண்டும். அப்படி ஏதாவது பார்த்தாயா அம்மா?

நான்: இல்லை. நத்தைகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பாறைச் சந்தில் பிரிஸ்டில் புழு இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அது பிடித்துத் தின்றிருக்குமா?

அண்ணன்: முதலில் அந்தப் புழுவைக் கொல்லு

சித்தப்பா: கொல்லாதே. சாதாரண பிரிஸ்டில் புழு நல்ல மீனைத் துரத்திப் பிடிப்பதில்லை, செத்ததையும் சாகக் கிடப்பதையும்தான் தின்னும். வெறுங்கையால் மட்டும் தொடாதே, முள் தோலில் ஏறி எரியும். இந்த மீன் வளர்ந்தாலே 9 சென்டிமீட்டர்தான். செத்தால் புழு, நண்டு, நத்தை எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் முடித்துவிடும், காலையில் முள்கூட மிஞ்சாது. அதற்காக உடல் கிடைக்கவில்லை, செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இப்போது தண்ணீரில் அம்மோனியா பார்த்துச் சொல், ஏதாவது செத்து அழுகினால் அது ஏறும்.

மாமா: ஏணி கடைசியாக வெள்ளையடிக்க வந்தபோது தம்பிதானே எடுத்துப் போனான்?

தம்பி: மாமா, அது சின்ன ஏணி

நான்: அம்மோனியா 0. உப்புத் தண்ணீரின் அடர்த்தி எண் 1.025.

அண்ணன்: அப்போது உயிரோடு இருக்கிறது!

சித்தப்பா: அவ்வளவு சுலபமாக இல்லை. தொட்டி பெரியது, மீன் சின்னது, செத்திருந்தாலும் அளவு ஏறாமலே போகலாம். 0 என்றால் மற்ற மீன்களுக்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை, அவ்வளவுதான். நாளையும் மறுநாளும் பார். ஏறினால் அதே உப்பு அளவில் தண்ணீர் கலந்து கால் பங்கு மாற்று, தண்ணீர் சுத்தமாக ஃபில்டரில் கார்பன் போடு. ராத்திரி விளக்கு அணைந்து நன்றாக இருட்டிய பிறகு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பார். சிவப்பு வெளிச்சத்துக்கு உள்ளே இருப்பவை அவ்வளவாகக் கலையாது. பின்பக்கச் சந்துகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அம்முவிடம் இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவிடாதே. பழையது உள்ளே இருந்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும்.

அண்ணி: அம்மு வந்ததும் எனக்குப் போன் போடச் சொல்

*மறுநாள்*

நான்: *(குரல் செய்தி, 0:41)*

அத்தை: எனக்குக் கேட்கவில்லை, எழுதிப் போடு

நான்: பின்பாறைக்குக் கீழே ஒரு துளை, அதற்குள் இருக்கிறது! அம்முதான் பார்த்தாள். முதுகு முள் மட்டும் வெளியே தெரிந்தது, தீனி போட்டதும் தலையை நீட்டியது. ஆனால் வால் ஓரம் கிழிந்திருக்கிறது சித்தப்பா. வெளியே வந்த உடனே பெரிய கோமாளி பாய்ந்து விரட்டுகிறது.

தம்பி: சூப்பர் அம்மு!!!

அண்ணி: ❤️❤️

சித்தப்பா: மனசுக்கு நிம்மதி. இப்போது காரணம் தெரிந்துவிட்டது. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும், அதுதான் அதிகாரம் செய்யும். எங்கேயாவது பாறையை வாயால் சுத்தம் செய்கிறார்களா என்று பார். முட்டையிடத் தயாராகிறார்கள் என்றால் அந்தப் பக்கமே யாரையும் விட மாட்டார்கள். தீக்குச்சி ஒளிந்துகொள்ள, கோமாளிகளுக்கு எதிர் மூலையில் துளையுள்ள சின்னப் பாறை ஒன்று வை, தீனியை இரண்டு பக்கமும் போடு. கிழிந்த வால் தண்ணீர் நன்றாக இருந்தால் தானே வளரும், வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தால் உடனே சொல். மேலே 6 மில்லிமீட்டர் வலை போட்டுவிடு, விரட்டப்படுகிற மீன் எந்த நேரமும் குதிக்கும், ஒயர் போகிற இடுக்கையும் விடாதே.

நான்: வலையா, அந்தக் கண்ணாடி மூடியா?

அண்ணன்: மூடியே இருக்கிறதே, எதற்கு வலை

சித்தப்பா: வலைதான் நல்லது, காற்றோட்டம் இருக்கும். ஆனால் வலை வரும்வரை மூடி இருந்தால் தேவலை.

அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்

நான்: அதுவரை என்ன செய்ய?

அண்ணன்: அந்தக் கோமாளி ஜோடியை வேண்டுமானால் நான் எடுத்துக்கொள்ளவா? பிரச்சினையே தீர்ந்துவிடும்.

நான்: உன்னிடம் தொட்டி ஏது?

அண்ணி: அதை அவர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை