கூரையா, பின்சீட்டா?

வியாழன், இரவு

நான்: எல்லார்கிட்டயும் ஒரு யோசனை கேட்கணும். பழைய வண்டியைக் கொடுத்தாச்சு. கையில இருக்கிற காசுக்குப் புதுசுன்னா ரொம்பச் சாதாரண வண்டிதான் வரும். அதே காசுக்குப் பதினஞ்சு இருபது வருஷப் பழசுன்னா, ஓட்ட ஆசையா இருக்கிற வண்டியே கிடைக்குது. ஒண்ணு, வேகமான ஹாட்ச்பேக். இல்லன்னா கூரை திறக்கிற கன்வர்டிபிள். மூணு வாரமா முடிவு பண்ண முடியல.

தம்பி: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ அக்கா. மார்க் 5, அதாவது அஞ்சாவது தலைமுறை. ரெண்டு லிட்டர் டர்போ, 200 குதிரை. யோசிக்கவே வேணாம்.

அக்கா: கூரை இல்லாத வண்டியா? மழை வந்தா?

நான்: கூரை இருக்கு அக்கா. துணிக் கூரை, மூடிக்கலாம்.

அம்மா: பழைய வண்டி வேண்டாம் கண்ணு. நடுவழில நின்னா யாரைக் கூப்பிடுவ?

அத்தான்: நல்லாப் பார்த்து வாங்கினா நிக்காது அத்தை. சித்தப்பா வரட்டும், அவர் சொல்லுவார்.

சித்தப்பா: இப்பதான் பார்த்தேன். பாப்பா, எந்த மாடல்ங்கறது அப்புறம். முதல்ல காசைப் பிரி. நாலுல ஒரு பங்கைத் தனியா எடுத்து வை, அதை வண்டி விலையில சேர்க்காத. இந்த வயசு வண்டி எதுவா இருந்தாலும் மொத வருஷத்துல டயர், பிரேக், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ்ஷுன்னு ஏதாவது கேட்கும். அதுக்குக் காசு இல்லாம வாங்கினா, நல்ல வண்டியைக் கூட நாமே கெடுத்துடுவோம். மிச்சம் முக்கால் பங்குல என்ன வருதுன்னு பாரு.

நான்: சரி சித்தப்பா. அப்போ லிஸ்ட் பாதியாச் சுருங்கிடும்.

சித்தப்பா: சுருங்கட்டும். இன்னொண்ணு, எந்த வண்டியைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடியும் அதுக்கு உன் பேர்ல இன்ஷூரன்ஸ் எவ்வளவுன்னு கேட்டுடு. வேக வண்டிக்கு அங்கேயே கணக்கு மாறிடும். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரை மாத்தி எழுதறது), இறக்கின ஸ்பிரிங்னு ஏதாவது மாத்தியிருந்தா அதையும் அவங்ககிட்ட சொல்லியாகணும்.

அத்தான்: நான் ஒண்ணு கேட்கிறேன்மா. போன மாசம் முழுக்க உன் வண்டியோட பின்சீட்ல எத்தனை நாள் ஆள் உட்கார்ந்தாங்க?

நான்: எண்ணிப் பார்த்தேன். ரெண்டு நாள். அதுவும் ஒரு நாள் அக்காவோட பை மட்டும்தான்.

அத்தான்: அப்போ ரெண்டு சீட்டே போதும். அம்மா வண்டி ஒண்ணு வீட்ல நிக்குதே.

தம்பி: அத்தான், கட்சி மாறாதீங்க.

வெள்ளி, காலை

சித்தப்பா: ராத்திரி பாப்பா அனுப்பின லிஸ்ட்டைப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

தம்பி சொன்ன ஜிடிஐ நல்ல வண்டிதான். தினம் ஓட்ட அதை மாதிரி வசதி வேற எதுலயும் இல்ல. 2004ல வந்த மார்க் 5ல பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற இன்ஜின். பெட்ரோலை அழுத்தி அனுப்புற ஹை பிரஷர் பம்பை, வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்தான் தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல கட்டைவிரல் அகலத்துல சின்னக் கிண்ணி ஒண்ணு இருக்கும், கேம் ஃபாலோயர்னு பேரு. அது தேய்ஞ்சு ஓட்டை விழுந்தா பம்பும் போகும், கேமும் போகும். அதை எப்பக் கழட்டிப் பார்த்தாங்கன்னு ஓனர்கிட்ட கேளு. அவருக்கு அது என்னன்னே தெரியலன்னா, நீயா ஒரு முடிவுக்கு வந்துக்கோ.

தம்பி: டிஎஸ்ஜின்னு தானா கியர் மாத்துற கியர்பாக்ஸ் எடுக்கலாமா சித்தப்பா?

சித்தப்பா: ஆறு கியர் டிஎஸ்ஜின்னா 60,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா கியர் ஆயில் மாத்தியிருக்கணும். பில் இருந்தா எடு. இல்லன்னா மேனுவல்.

2001ல இருந்து 2005 வரைக்கும் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அது வேற ரகம். டர்போ கிடையாது. 200 குதிரையும் 7,400 ஆர்பிஎம்ல தான் வரும். அடக்கி ஓட்டினா சாதாரண வண்டி. வேகமா ஓட்டறப்போ ரெண்டாவது கியர் கறகறன்னு விழுதான்னு பாரு, கியரைச் சத்தமில்லாம சேர்த்து வைக்கிற சிங்க்ரோ வளையம் அதுல தேயும். ரெனோ கிளியோ 182 ரொம்பத் துடிப்பான வண்டி, ஆனா வால்வைச் சரியான நேரத்துல திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும், அதுக்குத் தனி லாக்கிங் டூல் வேணும், கூலி அதிகம். பெல்ட் மாத்தாத கிளியோ மலிவா வந்தா அது மலிவே இல்ல.

மினி கூப்பர் எஸ்ல 2006 வரைக்கும் சூப்பர்சார்ஜர், அதுக்கப்புறம் டர்போ. டர்போ வந்த ஆரம்ப வருஷங்கள்ல டைமிங் செயினை இறுக்கி வைக்கிற டென்ஷனர்ல தொந்தரவு உண்டு. குளிர்ந்த இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணினா டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும்.

நான்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட்?

சித்தப்பா: 1.6 லிட்டர், 125 குதிரை. லிஸ்ட்லயே செலவு கம்மி. அலுக்காது, ஆனா நீ மூணு வாரமா தூங்காம யோசிக்கிறது அதுக்காக இல்லையே.

நான்: இல்ல சித்தப்பா.

அக்கா: அவளுக்குக் கூரை திறக்கணும், அவ்வளவுதான். சின்ன வயசுலயே பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னா அழுவா.

தம்பி: மினியே கன்வர்டிபிளா வருதே, கூப்பர் எஸ். பின்சீட்டும் இருக்கு, கூரையும் திறக்கும். ரெண்டு ஆசையும் ஒண்ணா முடிஞ்சிடும்.

சித்தப்பா: கூரைங்கறது வெறும் மூடி இல்லப்பா. அதுவும் சேர்ந்துதான் பாடியை விறைப்பா வச்சிருக்கும். ஹாட்ச்பேக்கா வரைஞ்ச வண்டில அதை வெட்டி எடுத்தா, அடியில இரும்பு சேர்த்துப் பலப்படுத்தணும். எடை ஏறும், அப்பவும் நடுக்கம் முழுசாப் போகாது. மேடுபள்ளமான ரோட்டுல உள்கண்ணாடியைப் பாரு, பின்னாடி வர்ற வண்டி கலங்கலாத் தெரிஞ்சா அதுதான். மாஸ்டா எம்எக்ஸ்-5 அப்படி இல்ல. 1989ல மொத வண்டி வந்தப்பவே கூரை இல்லாமத்தான் வரைஞ்சாங்க. எடை ஒரு டன்னுக்குப் பக்கம்தான். முன்னாடி இன்ஜின், பின்சக்கரம் தள்ளும். 140 குதிரைதான் இருக்கும், ஆனா ஸ்டியரிங் கையில பேசும். 2016லயே பத்து லட்சம் வண்டி தாண்டியாச்சு, அதனால பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல.

அம்மா: வண்டி கவிழ்ந்தா தலைக்கு மேல என்ன இருக்கு? அதைச் சொல்லு.

சித்தப்பா: அண்ணி, அது நியாயமான கேள்வி. மறைக்காமச் சொல்றேன். பத்திரம்னு மட்டும் பார்த்தா ஜிடிஐதான் மேல. சறுக்கினா தானா பிடிக்கிற ஈஎஸ்பி இருக்கு, பக்கவாட்டு ஏர்பேக் இருக்கு. பழைய எம்எக்ஸ்-5 பலதுல அந்த ஈஎஸ்பி கிடையாது. ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இருக்கிற வண்டியாத் தேடச் சொல்லியிருக்கேன். சீட்டுக்குப் பின்னாடி ரோல் பார் போட்டுக்கலாம். பின்சக்கரம் தள்ளுற வண்டிக்கு ஈர ரோட்டுல டயர்தான் உயிர். அதுல காசு மிச்சம் பிடிக்கக் கூடாது பாப்பா.

நான்: சத்தியமா மாட்டேன். நாலும் புதுசாப் போடறதுக்குத் தனியா வச்சுட்டேன்.

அம்மா: சரி. பார்த்துச் செய்ங்க.

சனி, மாலை

நான்: இன்னைக்கு ஒரு சிவப்பு ஹாட்ச்பேக் பார்த்தேன். தூரத்துல இருந்து கண்ணைப் பறிக்குது. கிட்டப் போனதும் நீங்க சொன்ன மாதிரி முதல்ல பானெட்டைத் தொட்டேன். சூடா இருந்துச்சு.

சித்தப்பா: அப்போ நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. குளிர்ந்த இன்ஜின் மறைக்கத் தெரியாது. சூடானதும் பல சத்தம் அடங்கிடும். டயர்?

நான்: நாலும் நாலு கம்பெனி. ஒண்ணுல 1113னு போட்டிருந்துச்சு. அப்படின்னா 2013ல பதினோராவது வாரம்தானே?

சித்தப்பா: அதேதான். டயர் பட்டன் தேயாம நல்லா இருந்தாலும் ரப்பர் கெட்டியாயிருக்கும். 200 குதிரை வண்டிக்கு அந்த டயரோட ஓட்டினவர், ஆயில் மட்டும் நேரத்துக்கு மாத்தியிருப்பாரா?

தம்பி: நான் கொடுத்த ஓபிடி ஸ்கேனர், வண்டி கம்ப்யூட்டர்ல கோளாறு படிக்கிறது, போட்டியா?

நான்: போட்டேன். ஒரு கோளாறும் காட்டல. ஆனா பாதி டெஸ்ட்டுக்குப் பக்கத்துல 'முடியவில்லை'ன்னு வந்துச்சு.

தம்பி: யாரோ கோளாறையெல்லாம் சமீபத்துல அழிச்சிருக்காங்க! அழிச்சதும் வண்டி அந்த டெஸ்ட்டையெல்லாம் முதல்ல இருந்து செய்யும், முடிக்கக் கொஞ்ச நாள் ஓடணும்.

அத்தான்: பேட்டரியைக் கழட்டினாலும் அப்படித்தான் வரும். அவசரப்பட்டு அவர் மேல பழி போட வேணாம்.

நான்: அவரும் அதைத்தான் சொன்னார் அத்தான், போன வாரம் பேட்டரி மாத்தினேன்னு. ஆனா பானெட்டைத் திறந்து பார்த்தா டெர்மினல் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருக்கு. போன வாரம் மாத்தினதுல அவ்வளவு எப்படி வரும்?

சித்தப்பா: சபாஷ் பாப்பா. திரும்பிப் பார்க்காம வந்துடு.

நான்: வந்துட்டேன். மனசு என்னவோ போல இருந்துச்சு. அவ்வளவு அழகான சிவப்பு.

சித்தப்பா: கேளு. எங்க பட்டறைக்கு ஒருத்தர் ஒரு வண்டி கொண்டு வந்தார். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்துச்சு, பெயிண்ட் கண்ணாடி மாதிரி. வயசு 14 வருஷம். ஓட்டம் கம்மிங்கறதால டைமிங் பெல்ட்டை யாருமே தொடல. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் இல்ல, வயசும் கணக்கு. ரப்பர் பல் உதிர்ந்து வால்வெல்லாம் வளைஞ்சு போச்சு. சிலிண்டர் ஹெட்டைக் கழட்டி மேஜைல வச்சப்போ அவர் அந்த வால்வுகளை ஒவ்வொண்ணா எடுத்துத் தடவிப் பார்த்துட்டு நின்னார். வாங்கி ரெண்டே மாசம். அதனாலதான் நான் பில்லு பில்லுன்னு அடிச்சுக்கிறேன்.

ஞாயிறு, மதியம்

நான்: எம்எக்ஸ்-5 ஒண்ணு பார்த்துட்டு அவங்க தெருமுனைல உட்கார்ந்துதான் இதை எழுதுறேன். 2003, 1.8 லிட்டர், அஞ்சு கியர். ஏபிஎஸ் இருக்கு, ரெண்டு ஏர்பேக். சாம்பல் கலர் மங்கியிருக்கு, கூரைத் துணி வெளுத்திருக்கு. பின் கண்ணாடி நிஜக் கண்ணாடிதான், பிளாஸ்டிக் இல்ல.

சித்தப்பா: ரெண்டாவது தலைமுறை. கண்ணாடிதான் வரும். துரு?

நான்: பின்சக்கரத்துக்கு மேல வளைவுல விரலை விட்டுத் தடவினேன். இடது பக்கம் பொரிப் பொரியா ரெண்டு இடம். வலது பக்கம் வழவழன்னு இருக்கு. காந்தம் ரெண்டு பக்கமும் ஒட்டுது, பட்டி பூசல. கதவுக்குக் கீழ ஓடுற விளிம்பைத் தட்டினேன், கெட்டிச் சத்தம்தான்.

சித்தப்பா: பொரியை இப்பவே சுரண்டி வெல்டு வச்சா அடங்கும். அதைச் சொல்லியே விலை பேசு. சீட்டுக்குப் பின்னாடி கூரைத் தண்ணி இறங்குற ஓட்டை ரெண்டு இருக்கும், பார்த்தியா? இலை அடைச்சா தண்ணி உள்ளயே நிக்கும். கார்ப்பெட் ஊறும், அந்த விளிம்பு உள்ளிருந்தே அரிக்கும். இந்த வண்டி துரு பிடிக்கிறதுல பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

நான்: பார்த்தேன். அவங்களே ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. கூரையைப் பாதி மடக்கி மூலையில ஊத்தினேன். ரெண்டு பக்கமும் பின்சக்கரத்துக்கு முன்னாடி சளசளன்னு தரையில கொட்டுச்சு. கார்ப்பெட்டைத் தூக்கி உள்ளங்கையை வச்சேன், காய்ஞ்சிருக்கு. வீடியோ அனுப்பறேன்.

அக்கா: வீடியோல உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதுடி.

அத்தான்: பில்?

நான்: ஒரு ஃபைல் நிறைய. ஆயில் வருஷா வருஷம். பெல்ட்டும் வாட்டர் பம்பும் மூணு வருஷத்துக்கு முன்னாடி. சில பில்லுக்குப் பின்னாடி அவங்களே பென்சில்ல கிலோமீட்டர் எழுதி வச்சிருக்காங்க. டயர் நாலும் ஒரே கம்பெனி, ஆனா பழசு. அது என் கணக்குல இருக்கு.

சித்தப்பா: எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி. இந்தத் தலைமுறைல முன்பக்கச் சேஸிஸ் ரெண்டு தகடா இருக்கும், நடுவுல துரு ஒளிஞ்சுக்கும். மேல இருந்து தெரியாது, ராம்ப்ல ஏத்தித்தான் பார்க்கணும். அடியில புதுசாக் கறுப்புப் பூச்சு தடவியிருந்தா அதுக்குக் கீழ என்னன்னு தட்டிப் பார்க்கணும். ராம்ப்ல ஏத்த ஒத்துக்குவாங்களா?

நான்: கேட்டுட்டேன். யார் வேணா வந்து பார்க்கட்டும்னாங்க. புதன்கிழமை காலைல.

தம்பி: டொயோட்டாவோட ரெண்டு சீட் வண்டி எம்ஆர்2 ஒண்ணும் பார்க்கலாம்னு சொல்லிட்டிருந்தியே?

நான்: ஆரம்ப வருஷத்து இன்ஜின் ஆயில் குடிக்கும்னு படிச்சேன். அதோட பை வைக்கக் கூட இடம் இல்ல.

அம்மா: எத்தனை பேர் வச்சிருந்த வண்டி?

நான்: இவங்க ரெண்டாவது ஆள் அம்மா. பன்னிரண்டு வருஷமா வச்சிருக்காங்க. முட்டிவலி வந்துட்டதால தாழ்வான சீட்ல இறங்கி ஏற முடியலையாம். சாவியைக் கையில கொடுக்கறப்போ, 'மூணாவது கியர்ல கூரையைத் திறந்து பாரு'ன்னாங்க.

அம்மா: பார்த்தியா?

நான்: பார்த்தேன் அம்மா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசத் தோணல.

சித்தப்பா: புதன் நானும் வர்றேன். டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கிறேன். ஏழு மணிக்கு அங்க இருப்போம். நாம போறதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடு.

நான்: சொல்றதுக்கு முன்னாடி அவங்களே சொன்னாங்க சித்தப்பா. செவ்வாய் ராத்திரில இருந்து தொடவே மாட்டாங்களாம்.