பவர் வால்வு கிழிந்ததா, எண் பொருந்தவில்லையா? மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடியும் எஞ்சின் அணையவில்லை

வி8_பழையவண்டி:
வி8 எஞ்சின், மேனுவல் கியர். 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) நான்கு பேரல் ஹோலி கார்புரேட்டர், வேக்குவம் செகண்டரி, மீட்டரிங் பிளாக் (ஜெட்டும் பவர் வால்வும் பொருந்தும் கட்டை) உள்ள வகை. ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டர் வழியாக ஒரு பேக்ஃபயர் அடித்தது. அதிலிருந்து ஐடில் சீராக இல்லை. கரும்புகை வருகிறது, எட்டு ஸ்பார்க் பிளக்கும் கரி. ஐடில் கலவையை அளக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ இரண்டையும் முழுக்க உள்ளே திருகி மூடினாலும் எஞ்சின் அணைய மாட்டேன் என்கிறது. பேக்ஃபயருக்கு முன் 850 ஆர்பிஎம்மில் மானிஃபோல்டு வேக்குவம் 11 அங்குலம் (பாதரசம்). பவர் வால்வு (த்ராட்டிலை அழுத்தும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) எண் 65.

பெடலை அழுத்தியதும் ஒரு கணம் திணறிவிட்டு இழுப்பது முன்பிருந்தே உண்டு. வால்வு போய்விட்டதென்று எப்படி உறுதி செய்வது? மாற்றினால் அதே 65 போடலாமா? வால்வையே எடுத்துவிட்டு பிளக் போட்டு அடை, மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிவிடு என்றும் சொல்கிறார்கள். சரியா?

மீட்டரிங்_பிளாக்:
வால்வு வேலை செய்யும் விதம் தெரிந்தால் உங்கள் அறிகுறிகள் தானாகவே புரியும். த்ராட்டில் பிளேட்டுக்குக் கீழே இருந்து ஒரு சிறு பாதை வழியாக மானிஃபோல்டு வேக்குவம் வால்வின் பின்பக்கம் வந்து சேர்கிறது. வேக்குவம் நன்றாக இருக்கும்வரை அது டயாஃப்ரத்தை இழுத்து வால்வை மூடி வைத்திருக்கும். த்ராட்டிலைத் திறந்து வேக்குவம் விழுந்ததும் ஸ்ப்ரிங் வால்வைத் திறக்கும். அப்போது மீட்டரிங் பிளாக்கில் உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாகக் கூடுதல் பெட்ரோல் மெயின் ஜெட்டின் பெட்ரோலும் வந்து சேரும் மெயின் வெல்லுக்குப் போகும்.

டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வேக்குவம். கிழிந்தால் பெட்ரோல் நேராக மானிஃபோல்டுக்கு உறிஞ்சப்படும். ஐடில் சர்க்யூட்டைத் தொடாமலே போவதால்தான் மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு அதன்மேல் பிடி இல்லை.

ஆனால் ஸ்க்ரூவை மூடியும் எஞ்சின் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து வால்வைக் குற்றம் சொல்லாதீர்கள். இன்னும் இரண்டு காரணங்கள் இதே மாதிரி காட்டும். ஒன்று, ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை அதிகம் திருகி த்ராட்டில் திறந்து நிற்பது. அப்போது த்ராட்டில் பிளேட்டை ஒட்டி இருக்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்ற பிளவு வெளிப்பட்டு அங்கிருந்து பெட்ரோல் வரும். கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பிளேட்டுக்குக் கீழே ஸ்லாட் ஒரு சிறு சதுரமாக, அரை முதல் 1 மி.மீ. வரை தெரிந்தால் போதும். நீளமாகத் தெரிந்தால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும். இரண்டாவது, ஃப்ளோட் அளவு ஏறியிருப்பது அல்லது நீடில் சரியாக மூடாதது. ஐடிலில் ஓடும்போது மேலிருந்து டார்ச் அடித்தால் பூஸ்டரில் (காற்றுவழியின் நடுவே மெயின் பெட்ரோல் வெளிவரும் குழாய்) பெட்ரோல் சொட்டுவது தெரியும். அப்படிச் சொட்டினால் அது பவர் வால்வின் வேலை அல்ல.

இரண்டும் இல்லையென்றால் பவுலைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்புப்பொறி கூடாது. பவுலின் கீழ் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்தால் பெட்ரோல் வடியும், பாத்திரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மீட்டரிங் பிளாக்குக்குப் பின்னால், மெயின் பாடியில் வால்வு உட்காரும் குழியைப் பார்த்தால் ஈரம் இருக்கலாம். கழற்றும்போது சிந்தியதாகவும் இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். வால்வைக் கழற்றி, டயாஃப்ரம் பக்கம் கை வேக்குவம் பம்பை ரப்பர் கப் வைத்துப் பிடித்து 10 அங்குலம் இழுங்கள். தண்டு உள்ளே போய், பம்பில் உள்ள கேஜின் முள் அசையாமல் நின்றால் வால்வு நல்லது. முள் இறங்கினால், கப்பை ஒருமுறை சரியாக அழுத்தி வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

இத்தனை நாள் பெட்ரோல் உள்ளே போயிருந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஜெட்_72:
எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 65 என்றால் 6.5 அங்குல வேக்குவத்தில் திறக்கும், அவ்வளவுதான். எப்போது திறக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எவ்வளவு பெட்ரோல் போகும் என்பது மீட்டரிங் பிளாக்கில் உள்ள அந்த இரண்டு துளைகளின் அளவைப் பொறுத்தது. முழு த்ராட்டிலில் கலவை மெலிந்திருக்கிறது என்று 65ஐ 85 ஆக்கினால் அங்கே ஒரு சொட்டுகூட அதிகமாகாது. வால்வு முன்கூட்டியே திறக்கும், அது மட்டும்தான் மாறும்.

ஐடில் வேக்குவத்தில் பாதி என்பது வழக்கமான கணக்கு. உங்கள் 11க்கு 5.5, அதாவது 55. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் கியரில் போட்ட நிலையில் அளக்க வேண்டும். இது தொடக்கப் புள்ளிதான். நீளமான ஹோஸ் போட்டு கேஜை உள்ளே கொண்டுவந்து, டாப் கியரில் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே முள் எவ்வளவு தாழ்கிறதோ, அதற்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் கீழே வால்வு திறந்தால் நல்லது. எண் அதிகமானால் சாதாரண ஓட்டத்திலேயே திறந்து பெட்ரோலைக் குடிக்கும். குறைவானால் மேடேறும்போது கலவை மெலிந்து நாக்கிங் வரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய எண் வால்வு ஐடிலில் திறந்திருந்தாலும் ஐடில் கலவை அதிகம் மாறாது. அங்கே பெட்ரோலை அளப்பது ஐடில் ஃபீடு துளை. ஆகவே உங்கள் கரும்புகைக்குக் காரணம் 65 என்ற எண் இல்லை.

பிளக் போட்டு அடைப்பதை நான் ஏற்கவில்லை. அடைத்தால் மெயின் ஜெட்டை 6 முதல் 10 எண் வரை ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் பெட்ரோல் தேவையே இல்லாத சீரான ஓட்டத்திலும் போய்க்கொண்டே இருக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு அது நட்டம்.

அந்த ஒரு கணத் திணறல் ஆக்சிலரேட்டர் பம்ப் பக்கம் தேட வேண்டியது. எஞ்சினை நிறுத்தி த்ராட்டிலை மெல்ல அசைத்தால், அசைந்த நொடியே நாசிலில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். தாமதித்தால் பம்ப் ஆர்மில் தொய்வு இருக்கிறது. தொய்வை எடுங்கள், ஆனால் முழு த்ராட்டிலில் ஆர்ம் இன்னும் 0.015 அங்குலம் நகர இடம் விடுங்கள்.

வி8_பழையவண்டி:
ஸ்லாட் சரி, பூஸ்டர் சொட்டவில்லை. வேக்குவம் பம்பில் முள் நிற்கவே இல்லை, இறங்கிவிட்டது. புதிய 55 வால்வில் இரண்டு செவ்வக ஜன்னல்கள் இருக்கின்றன. கிட்டில் இரண்டு விதக் கேஸ்கெட், ஒன்று வெறும் வட்டம், இன்னொன்றில் உள்ளே மூன்று நாக்குகள். எது?

மீட்டரிங்_பிளாக்:
ஜன்னல் வால்வுக்கு வெறும் வட்டம். மூன்று நாக்கு உள்ளது பல சிறு துளைகள் போட்ட வால்வுக்கு. மாற்றிப் போட்டால் கசிந்து, புது வால்வும் கிழிந்தது போலவே நடந்துகொள்ளும். மீட்டரிங் பிளாக்கில் பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பேஸ் கேஸ்கெட்டில் வேக்குவம் துளை பாதையோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். துளை மறைந்தால் வால்வுக்கு வேக்குவமே வராது, எப்போதும் திறந்தே கிடக்கும்.

1992 முதல் வரும் ஹோலி கார்புரேட்டர்களில் பேஸ் பிளேட்டின் அந்தப் பாதையில் ஒரு சிறு குண்டு இருக்கும். பேக்ஃபயர் அழுத்தம் வந்தால் அது பாதையை அடைத்து டயாஃப்ரத்தைக் காக்கும். பழைய பாடிக்கும் துளையிட்டுப் பொருத்தும் கிட் உண்டு. எதுவானாலும் ஸ்டார்ட் செய்யும் முன் இக்னிஷன் டைமிங்கையும் ஆக்சிலரேட்டர் பம்ப் பீய்ச்சலையும் சரி பாருங்கள். பேக்ஃபயரின் காரணம் அப்படியே இருந்தால், பாதுகாப்பு இல்லாத பாடியில் இந்த 55ம் அடுத்த ஸ்டார்ட்டிலேயே கிழியும்.